கூனிமலையில் மெலிந்த மரங்கள்

மனிதர் மெலிவதற்கு நூறு காரணம் உண்டு. சர்க்கரை வியாதி, பிள்ளைகளைப் பற்றிய கவலை, கட்டின பல் பொருந்தாமல் போவது. மரம் மெலிந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. நேசபாயும் கேள்விப்பட்டதில்லை. அதனால் ரேஷ்மி மேடம் அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"மரம் மெலியுமாக்கா?"

"எங்கயாவது மெலியுமா மேடம்? அது மனுசனுக்குள்ள வியாதியில்லா."

ரேஷ்மி சிரிக்கவில்லை. கூனிமலை அடிவாரத்து வனத்துறை விடுதியில் நீள மேசை ஒன்று உண்டு. அதன்மேல் இரண்டு நோட்டுகளை அருகருகே விரித்து வைத்திருந்தாள். ஒன்று பத்து வருடத்துக்கு முந்தியது. ஓரங்கள் செல்லரித்து, மழை பட்டு மை பரவிய நோட்டு. மற்றது இந்தத் தை மாதத்தில் எழுதியது. "பன்னிரண்டாம் கட்டம், இருபத்தேழாம் நம்பர் மரம். அப்போ இருநூத்திப் பன்னிரண்டு சென்டிமீட்டர் சுத்தளவு. இப்போ நூத்தித் தொண்ணூத்தேழு" என்று விரலை வைத்துக் காட்டினாள்.

நேசபாய் குனிந்து பார்த்தாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்தைவிட எண் அவளுக்கு நன்றாகப் பேசும். பழைய நோட்டில் இருந்த எண் அவள் டேப்பைச் சுற்றி, அவள் வாயால் சொல்லி எழுதவைத்த எண். பதினைந்து சென்டிமீட்டர் எங்கே போயிற்று?

அரசாங்கக் காடு என்றால் தானாக முளைத்துத் தானாகக் கிடக்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படி விட்டுவிட அரசாங்கம் என்ன சாமியாரா? ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு திட்டப் புத்தகம் இருக்கிறது. எந்தப் பகுதியைத் தொடவே கூடாது, எங்கே நடலாம், தீ பரவாமலிருக்க எங்கே தீக்கோடு வெட்ட வேண்டும், எல்லாம் அதில் எழுதியிருக்கும். பத்து வருடத்துக்கு ஒருமுறை அதைத் திருத்தி எழுதுவார்கள். திருத்துவதென்றால் முதலில் காட்டில் என்ன இருக்கிறது, என்ன வளர்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். மலை முழுக்க அளக்க முடியாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அதுதான் வழி. கூனிமலையில் நாற்பது இடத்தில் சதுரமாகக் கட்டம் பிரித்து, நான்கு மூலைக்கும் மயிலாடியில் செதுக்கிய கல் நட்டிருந்தார்கள். கட்டத்துக்குள் நிற்கும் ஒவ்வொரு பெரிய மரத்துக்கும் வேரடியில் எண் பொறித்த தகரம் அடித்திருந்தது. தரையிலிருந்து நூற்று முப்பத்தேழு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு குச்சி வைத்து, அந்த உயரத்தில் டேப்பைச் சுற்றி அளக்க வேண்டும். பத்து வருடம் கழித்து அதே மரத்தை அதே உயரத்தில் மறுபடியும் அளக்க வேண்டும். சொல்வதற்கு எளிய வேலை. அட்டை கடிக்கிறதை நான் சொல்லவில்லை.

நாற்பது கட்டத்தில் முப்பத்தேழில் மரங்கள் மெலிந்திருந்தன.

"ஒண்ணு ரெண்டுன்னா எழுத்துப் பிழைன்னு விட்டுரலாம்" என்றாள் ரேஷ்மி. சுசீந்திரத்துக்காரி. முப்பத்திரண்டு வயதில் இந்தப் பகுதிக் காடுகளின் திட்டத்தைத் திருத்தும் அதிகாரியாக வந்திருந்தாள். "மேலிடத்தில என்ன சொல்றாங்கன்னா, பெரிய மரத்தை எல்லாம் வெட்டிட்டு, மூலைக் கல்லைப் பிடுங்கித் தள்ளி நட்டு, தகரத்தைப் பக்கத்து மரத்தில அடிச்சிருக்காங்கன்னு சொல்றாங்க."

"அதுக்குக் கல்லு எங்க இருக்குன்னு தெரியணும்லா?"

"தெரிஞ்சு, தினமும் மலையில நிக்கிறவர் ஒருத்தர்தானே."

அறைக்கு வெளியே, வராந்தாவில், அந்த ஒருத்தர் நின்றுகொண்டிருந்தார். முத்துநாயகம். கூனிமலைக்குப் பத்தொன்பது வருடமாகக் காவலர். இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு. அவருக்கு அன்று காலைதான் விளக்கம் கேட்டு மெமோ வந்திருந்தது. அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

ரேஷ்மி அவரை உள்ளே அழைத்தாள். பிறகு நேசபாயிடம் நேராகக் கேட்டாள்: "அக்கா, உங்க பழைய அளவு தப்பா இருக்க வாய்ப்பிருக்கா?"

முத்துநாயகம் அவளைப் பார்த்தார்.

"நான் அளந்தா அளந்ததுதான் மேடம்" என்றாள் நேசபாய்.

அவள் வாயிலிருந்து அது வரும் வேகம் அப்படி. ஊரில் அவளுக்கு அதுதான் பெயர். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. அவள் அளவு சரியென்றால் மரம் போயிருக்கிறது. மரம் போயிருந்தால் கொண்டுபோனவர் யாரென்று கேட்க வேண்டியதே இல்லை. முத்துநாயகம் வெளியே போய்விட்டார்.

நேசபாய் பிறந்தது மலையடிவாரத்தில், சபை ஆலயத்துக்குப் பின்னால் ஆறு வீடுகள் உள்ள ஒரு வரிசையில். பதினெட்டு வயதில் ரப்பர் பால் வெட்டப் போனாள். இருபத்தெட்டு வருடம் வெட்டினாள். ஒரு எஸ்டேட்டில் முந்நூற்றைம்பது மரம் அவள் பங்கு. விடிவதற்குள் மரத்துக்கு மரம் ஓடி, பட்டையை ஒரு நூல் கனத்துக்குச் சீவி, பால் சொட்டும் சிரட்டையை நேராக்கி வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போவாள். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் புண்ணாகும், கொஞ்சம் மேலோடு போனால் பால் வராது. அவள் வெட்டிய மரத்தில் புண் இருக்காது. மேஸ்திரி மற்றவர்களைத் திட்டும்போது நேசபாய் மரத்தைப் போய்ப் பார் என்பார். அந்தப் பெருமை அவளுக்கு உள்ளூர இனிக்கும். மற்றப் பெண்களுக்கு எரியும்.

கணவர் ஆன்ஸ்லின் கொட்டாரத்தில் ஒரு அரிசிக் கடையில் தராசுக்கு நிற்கிறவர். "எனக்கு எடை, இவளுக்கு அளவு. எங்க வீட்டுல பிள்ளைக்குச் சோறு வெளம்பினாக்கூட ஒரு பருக்கை கூடாது, குறையாது" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

எஸ்டேட்டில் பழைய மரங்களை வெட்டி அகற்றிய வருடம் அவளுக்கு வேலை போயிற்று. அந்தச் சமயம் காட்டில் மரம் அளக்க ஆள் தேடினார்கள். "டேப் பிடிக்க ஒரு நிதானமுள்ள ஆள் வேணும்" என்று கேட்டபோது அவள் பெயரைச் சொன்னவர் முத்துநாயகம்தான். நான்கு பேர் குழு. தலைவர் நேசமணி, நோட்டும் பேனாவும் அவரிடம். நேசபாயிடம் குச்சியும் டேப்பும். மற்ற இருவர் செடி வெட்டி வழி எடுக்க. பயிற்சி நடந்த அன்று அவள் போகவில்லை. மகள் ஜெஸ்பினுக்குப் பிரசவம். மறுநாள் வந்து சேர்ந்தபோது முதல் கட்டத்தில், ரோட்டோரத்தில், நேசமணியே குச்சியை நட்டு, டேப்பைச் சுற்றிக் காட்டினார். இரண்டு மரம் பார்த்ததும் அவள் கையில் வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு மூன்று மாதம் யாரும் அவளுக்கு எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. டேப் முறுக்கியிருந்தால் அவிழ்த்து மறுபடி சுற்றுவாள். கொடி குறுக்கே ஓடினால் தூக்கிவிட்டு அளப்பாள். ஒரே மரத்தை இரண்டு தரம் அளந்து, இரண்டும் ஒத்தால்தான் வாய் திறந்து எண் சொல்லுவாள். நேசமணி ஆறு வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் அடியில் அவர் கையெழுத்து இருக்கிறது.

இந்தமுறை அளப்பது வேறு குழு. வனவியல் படித்த அஜிஷா என்ற இருபத்தாறு வயதுப் பெண்ணும் அவள் ஆட்களும். நேசபாய்க்கு வழிகாட்டும் வேலை. பழைய கல் எங்கே, தகரம் எங்கே என்று கண்டுபிடித்துத் தர வேண்டும். அவர்கள் ஒரு கட்டத்தை அளந்துகொண்டிருக்கும்போது அவள் அடுத்த கல்லைத் தேடி முன்னால் போய்விடுவாள். அதனால் அவர்கள் அளக்கிறதை அவள் நின்று பார்த்ததே இல்லை.

மெமோ வந்த நாளிலிருந்து முத்துநாயகம் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். கோபித்து முகம் திருப்பவில்லை. எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுவார், அவ்வளவுதான். முன்பெல்லாம் அவள் அவித்துக் கொண்டுபோகும் மரச்சீனிக் கிழங்கில் பாதி அவருக்கு. இப்போது அது பொதியிலேயே ஆறிப்போயிற்று. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்கிற பேச்சு அவள் மனதில் வந்து வந்து போனது. ஆனால் பாவம் எங்கே என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அவளுக்கு ஒரு குணம். ஒரு கணக்கு இடித்தால் இடித்த இடத்தைத் தடவிப் பார்க்காமல் அவளால் சாப்பிட முடியாது. மரம் போனதென்றால் அடிக்கட்டை எங்கே? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும் முந்நூறு மரத்தின் அடிக்கட்டையை எந்தச் சோற்றில் மறைப்பது? இழுத்துப் போன தடம் எங்கே? அவள் வருடத்துக்கு இரண்டு தடவையாவது தீக்கோடு வெட்ட அந்த மலைக்குப் போகிறவள். ஒரு நாள்கூட அவள் கண்ணில் ஒன்றும் படவில்லையே.

மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பாடு முடிந்து அஜிஷா டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நேசபாய் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மக்கா, மெலியாத கட்டம் மூணு உண்டுல்லா. அது எதெல்லாம்?"

"ஒண்ணு, ரெண்டு, பிறகு முப்பத்தொண்ணு. அதுல எல்லா மரமும் ஆறு ஏழு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கு."

நேசபாய் யோசித்தாள். ஒன்றும் இரண்டும் ரோட்டுக்குப் பக்கம். திருடனுக்கு அதைவிடச் சௌகரியம் உண்டா? லாரியை நிறுத்தி, அங்கேயே ஏற்றிவிடலாம். அதை விட்டுவைத்திருக்கிறான். முப்பத்தொன்று மலையுச்சியில். அதையும் விட்டுவைத்திருக்கிறான். நடுவில் உள்ள அத்தனையிலும் கைவைத்திருக்கிறான். இது என்ன களவு?

"அந்த மூணு எடத்துலயும் நாங்க சோறு தின்னோம்" என்றாள் திடீரென்று.

அஜிஷாவுக்குச் சிரிப்பு. "அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. ஓர்ம வந்துது. மற்ற எந்தக் கட்டத்துலயும் உக்காந்து திங்க முடியாது. தட்டு நிக்காது, உருண்டு போவும். முப்பத்தொண்ணுல உச்சியில பந்து விளையாடுத மாதிரி நிரப்பு. அங்க சாயாவே போட்டோம்."

சொன்னவள் மலையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அஜிஷாவின் முழங்கையைப் பிடித்தாள்.

"மக்கா, அஞ்சாம் கட்டம் எவ்வளவு கொறஞ்சிருக்கு?"

"நாலு, அஞ்சு."

"அது லேசான சரிவு. பன்னெண்டு?"

"பதினஞ்சு வரைக்கும்."

"அங்கதான் எனக்குக் காலு வழுக்கிச்சு. இருபத்திரெண்டு?"

"பத்தொம்பது. அதுதான் ரொம்ப மோசம்."

"அங்க நாங்க கயிறு கெட்டி எறங்கினோம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சரிவு கூடக்கூட மரம் மெலிந்திருந்தது. நிரப்பான இடத்தில் மரம் வளர்ந்திருந்தது. செங்குத்தான சரிவிலிருந்து மரத்தை இறக்குவதைப் போலக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை. கழுதைக்குப் புத்தி வந்தாலும் அப்படித் தேடிப்போய்த் திருடாது. அப்படியானால் களவு இல்லை, அளவில்தான் ஏதோ இருக்கிறது. நேசபாய் ஒரு நிமிஷத்தில் முடிவுக்கு வந்துவிட்டாள்.

"ஏட்டி, கோவப்படாத. தப்பு உங்களுக்க மேலயாக்கும். சரிவுல உனக்க பிள்ளைகளுக்குக் காலு நிக்காது. பயந்துபோய் டேப்பைக் கண்டபடி சுத்தியிருப்பீங்க."

அஜிஷாவின் முகம் சிவந்துவிட்டது. "எங்க அளவு சரிதான்க்கா. நாளைக்குப் பன்னிரண்டுக்குப் போவோம். நீங்களே அளந்து காட்டுங்க."

"காட்டுகேன்."

மறுநாள் காலையில் இருவரும் ஏறினார்கள். காலில் சோப்பும் புகையிலைத் தண்ணீரும் தடவியும் அட்டை விடவில்லை. பன்னிரண்டாம் கட்டத்தில் இருபத்தேழாம் எண் ஒரு அயனி மரம். உருண்டு திரண்டு, சரிவில் வேரை விரித்து ஊன்றி நின்றது. நேசபாய் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குச்சியை ஊன்றி, டேப்பைச் சுற்றினாள். கொடியை விலக்கினாள். இரண்டு தரம் அளந்தாள்.

"இருநூத்திப் பத்தொம்பது. கேட்டியா? அப்ப இருநூத்திப் பன்னெண்டு, இப்ப இருநூத்திப் பத்தொம்பது. ஏழு கூடியிருக்கு. மரம் வளந்துதான் நிக்கு."

அஜிஷா டேப்பை வாங்கினாள். குச்சியையும் வாங்கினாள். அளந்தாள்.

"நூத்தித் தொண்ணூத்தேழு."

ஒரே மரம், ஒரே டேப், ஒரே குச்சி. இரண்டு பேர், இரண்டு எண். டேப்பைத் திருப்பிப் பார்த்தார்கள். முறுக்கில்லை. மறுபடி அளந்தார்கள். நேசபாய்க்கு இருநூற்றுப் பத்தொன்பது. அஜிஷாவுக்கு நூற்றுத் தொண்ணூற்றேழு. ஏதோ வித்தைக்காரன் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. நேசபாய்க்கு வேர்த்தது. ஆனாலும், சொன்னால் என்ன, அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. புதிர் இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கிறதே என்ற சந்தோஷம்.

"ஒரு காரியம் செய். நீ வைக்க எடத்துல சாக்பீஸால ஒரு கோடு போடு. நான் வைக்க எடத்துல நான் போடுகேன்."

கோடு போட்டார்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

அஜிஷா மரத்துக்கு மேல்பக்கம் நின்றிருந்தாள். நேசபாய் கீழ்ப்பக்கம் நின்றிருந்தாள். மேல்பக்கத்துத் தரை உயரத்தில் இருந்தது, கீழ்ப்பக்கத்துத் தரை பள்ளத்தில் இருந்தது. ஒரே குச்சியைத்தான் இருவரும் ஊன்றினார்கள். ஆனால் நேசபாயின் கோடு தாழ்ந்து, வேர்ப்பக்கமாக மரம் பருத்திருக்கும் இடத்தில் விழுந்தது.

"மேல்பக்கம்தான் நிக்கணும்க்கா. சரிவுல எப்பவும் மேல்பக்கம். அதுதான் விதி" என்றாள் அஜிஷா, மெதுவாக. "உங்களுக்குச் சொல்லித்தரலியா?"

சொல்லித்தந்திருப்பார்கள், அவள் போகாத அந்தப் பயிற்சி நாளில். அவள் பார்த்துப் படித்ததோ ரோட்டோரத்து நிரப்பில். அங்கே எந்தப் பக்கம் நின்றால் என்ன? பிறகு மலை ஏறியதும் அவள் கால் தானாகக் கீழ்ப்பக்கம் போயிற்று. அவள் பால் வெட்டிய எஸ்டேட்டும் சரிவுதான். அங்கே நடைபாதை மரங்களுக்குக் கீழ்ப்பக்கமாக ஓடும். சிரட்டையும் அந்தப் பக்கத்தில்தான் கட்டியிருக்கும். இருபத்தெட்டு வருடம், நாளுக்கு முந்நூற்றைம்பது மரம், ஒவ்வொன்றையும் அவள் கீழே நின்றுதான் பார்த்தாள். நேசமணிக்கு முழங்கால் வலி. அவர் பாதையில் உட்கார்ந்து, அவள் கூவிச் சொன்ன எண்ணை எழுதினார். ஏறிவந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நேசபாய் அளந்தால் அளந்ததுதானே.

அவள் அயனி வேரில் உட்கார்ந்துவிட்டாள். சற்றுமுன் இருந்த சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. வெட்கம் வந்தது. அதைவிட, வராந்தாவில் நின்ற முத்துநாயகத்தின் முகம் வந்தது. தன் வாய்ச்சொல்தான் அவருக்குச் சுருக்குக் கயிறு என்று இப்போது முழுசாகத் தெரிந்தது.

அஜிஷா நல்ல பிள்ளை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, பழைய நோட்டுல நேசமணிங்கறவருக்க ஒப்புதானே இருக்கு. அவரும் இல்ல இப்ப. அவரு தப்பா அளந்துட்டாருன்னு நானே மேடத்துட்ட சொல்லுகேன். கார்டு சாருக்கும் ஒண்ணும் வராது. உங்க பேரும் கெடாது."

நேசபாய் எழுந்து டேப்பைச் சுருட்டினாள். அவள் தேவதூதி ஒன்றுமில்லை. இறங்கும் வழி முழுக்க அதையேதான் நினைத்தாள். செத்தவருக்கு என்ன குறையப்போகிறது? கல்லறையில் மெமோ கொடுக்க முடியாது. அவளுக்கோ இருப்பது இந்த ஒரு பெயர்தான். மேஸ்திரி சொல்லி, ஊர் சொல்லி, ஆன்ஸ்லின் கடையில் சொல்லிச் சேர்ந்த பெயர். அது போனால் நாளைக்கு டேப் பிடிக்க யார் கூப்பிடுவார்கள்? ஊர்ப் பெண்கள் சிரிக்கிற சிரிப்பு இப்போதே அவள் காதில் விழுந்தது. ஆனால் ஒரு கணக்கு மட்டும் இடித்துக்கொண்டே இருந்தது. நேசமணி என்ற மனிதர் வாழ்நாளில் ஒரு மரத்தைக்கூடக் கீழே நின்று அளக்கவில்லை. அவர் அளந்ததெல்லாம் ரோட்டோரத்தில் காட்டிய அந்த இரண்டு மரம். அதை அவர் சரியாகத்தான் அளந்தார்.

சோதனைச் சாவடியில் முத்துநாயகம் நாற்காலியில் இருந்தார். அவளைக் கண்டதும் வழக்கம்போல எழுந்து ஒதுங்கினார்.

"சார், உங்க மரம் எல்லாம் பத்திரமா நிக்கு" என்றாள் நேசபாய்.

அவர் அவளை நம்பாமல் பார்த்தார். "எங்க நிக்கு?"

"நின்ன எடத்துலதான் நிக்கு. நாந்தான் எடம் மாறி நின்னுட்டேன். வாங்க, மேடத்துட்ட போவோம்."

ரேஷ்மி முழுவதையும் கேட்டாள். திட்டுவாள் என்று நேசபாய் எதிர்பார்த்தாள். ரேஷ்மியோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்கள் விரிய, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "எல்லா மரத்தையும் கீழ்ப்பக்கம் நின்னுதான் அளந்தீங்களா? ஒண்ணு விடாம? சில மரம் மேல, சில மரம் கீழன்னு இல்லியே?"

"ஒண்ணு விடாம மேடம். எனக்குக் காலு அங்கதான் போவும்."

"உறுதியா?"

நேசபாய்க்கு வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். "நீங்க பாத்துட்டு நம்புங்க" என்றாள்.

மேலிடத்துக்குச் சொன்னால் மட்டும் போதாது. காவலரைக் காப்பாற்ற ஒரு கூலிக்காரி கதை கட்டுகிறாள் என்பார்கள். அதனால் முப்பத்தேழு கட்டத்தையும் மறுபடி அளப்பதென்று முடிவாயிற்று. நேசபாய் கீழ்ப்பக்கம், அஜிஷா மேல்பக்கம். பழைய நோட்டை ரேஷ்மி பூட்டிவைத்துக்கொண்டாள், யாருக்கும் காட்டவில்லை. பதினொரு நாள் ஆயிற்று. நேசபாய்க்கு அந்த நாட்களில் சோறு இறங்கவில்லை. தன் கால் பத்து வருடத்துக்கு முன் எங்காவது ஒரு மரத்தில் வழிதவறி மேல்பக்கம் போயிருந்தால்? தப்பைக்கூட ஒழுங்காகச் செய்தோமா இல்லையா என்று மனிதர் பயப்படும் நாள் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

பன்னிரண்டாம் நாள் விடுதியில் பூட்டைத் திறந்தார்கள். ரேஷ்மி பழைய நோட்டைப் படிக்க, அஜிஷா புதிய கீழ்ப்பக்க அளவைப் படித்தாள். நூற்று எண்பத்து நான்கு, நூற்றுத் தொண்ணூறு. இருநூற்று முப்பது, இருநூற்று முப்பத்தைந்து. நூற்று நாற்பத்தொன்று, நூற்று ஐம்பது. ஒரு மரம் மெலியவில்லை. மூன்றுக்குக் குறையாமல், ஒன்பதுக்குக் கூடாமல், எல்லாம் வளர்ந்திருந்தன. முத்துநாயகம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார். இருபத்திரண்டாம் கட்டம் முடிந்ததும் வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தார். மாலையில் நேசபாயின் பொதியைக் கேட்காமலே அவிழ்த்து ஒரு துண்டு கிழங்கை எடுத்துத் தின்றார்.

"உப்புக் கொறவு" என்றார். இத்தனை நாளில் அவர் தானாக அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

மெமோ திரும்பப் பெறப்பட்டது. பங்குனி கடைசியில் திருத்திய திட்டத்தின் வரைவு தயாரானது. அளவைப் பற்றிய பகுதியை ரேஷ்மி மடிக்கணினியில் எழுதிக்கொண்டிருந்தபோது மூவரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினாள்: "கடந்த அளவையின்போது சரிவான கட்டங்களில் மரங்கள் கீழ்ப்பக்கமிருந்து அளக்கப்பட்டதால் சுற்றளவு கூடுதலாகப் பதிவாகியுள்ளது."

"அளக்கப்பட்டதாலன்னா? யாரு அளந்தா?" என்று கேட்டாள் நேசபாய்.

"அப்படித்தான் எழுதுறது அக்கா. பேர் வேணும்னா குழுத் தலைவர் பேரைப் போடலாம்னு மேலே சொன்னாங்க."

"நேசமணியண்ணன் அளக்கல்ல. எனக்க பேரப் போடுங்க."

ரேஷ்மி தயங்கினாள். மகாராஜா காலத்திலிருந்து இந்த மலைக்கு எழுதிய எல்லாத் திட்டப் புத்தகங்களையும் அவள் படித்திருந்தாள். அதில் அதிகாரிகள் பெயர் உண்டு, மரங்களின் லத்தீன் பெயர் உண்டு. குச்சி பிடித்தவர், டேப் பிடித்தவர், வழி வெட்டியவர் பெயர் ஒன்றுகூட எந்தப் பக்கத்திலும் இல்லை.

"கூலிக்கு வந்தவங்க பேர் இதுவரை வந்ததே இல்லை அக்கா. முதல் தடவை வர்றது ஒரு தப்புக்குப் பக்கத்தில வரணுமா? அம்பது வருஷம் கழிச்சு எடுத்துப் பார்த்தாலும் அது அங்கேயே இருக்கும்."

"இருக்கட்டும். பேரில்லாம விட்டா, அடுத்தாப்பல மரம் மெலிஞ்சா இன்னொரு கார்டைப் பிடிப்பாவ. பேரிருந்தா என்னைத் தேடி வருவாவ. நான் செத்துட்டாலும் எங்க நின்னேன்னு அதுல எழுதியிருக்கும்லா."

ரேஷ்மி திரும்பி எழுதினாள். எழுதியதை மெல்ல வாசித்தாள்: "அளவையாளர் நேசபாய் என்பவர் தவறாக அளந்ததால்..."

"தவறா அளந்ததாலன்னு போடாண்டாம் மேடம்." நேசபாய் மடிக்கணினிப் பக்கம் குனிந்தாள். "ஒவ்வொரு மரத்தையும் ரெண்டு தடவ அளந்தேன். அளந்தது சரியாக்கும். நின்ன எடந்தான் தப்பு."

ரேஷ்மி அந்த வரியை அழித்துவிட்டு, அவள் சொன்னபடியே எழுதினாள். அச்சான புத்தகத்தில் அது நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது.